அமலராணிக்கு ஆள் வேண்டும்

காலைக் காபி ஆறுவதற்குள் அமலராணி நான்கு பேரையாவது எழுப்பிவிடுவார். "எழுந்தாச்சா கண்ணு? பல்லு தேய்ச்சாச்சா? ஐடி கார்டு பையில இருக்கா? இருக்குன்னு சொல்லாத, எடுத்துப் பார்த்துச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்." மறுமுனையில் இருப்பது கல்லூரியில் முதலாண்டு படிக்கும் ஒரு பெண்ணோ பையனோ. அன்றைக்குத் தேர்வு அவர்களுக்கு இல்லை. பார்வையற்ற மாணவர் ஒருவர் சொல்லச் சொல்ல அவருடைய விடைத்தாளில் எழுதப் போகிறவர்கள் அவர்கள். ஸ்கிரைப் என்று பெயர். அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகுதான் அமலராணி அழைப்பை முடிப்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு அழைப்பு. "சும்மாதாம்மா. கிளம்பிட்டியான்னு."

பீர்க்கன்கரணையில் ஏரியை ஒட்டிய தெருவில் எங்களுக்கு எதிர்வீடு. ஐம்பதைத் தாண்டியவர். பள்ளியில் வரலாறு நடத்திவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, இப்போது 'கைகொடு' அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறார். அறக்கட்டளைக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் உண்டு. ஆனால் வேலைக்கு அமலராணி ஒருவர்தான். அவருடைய கைக்கடிகாரம் வேண்டுமென்றே கால் மணி முந்தி ஓடும். கைப்பையில் எப்போதும் ஒரு கட்டு பேனா இருக்கும். ஒவ்வொன்றையும் எழுதிப் பார்த்துத்தான் உள்ளே வைத்திருப்பார். எந்தப் பேச்சையும் அவர் "ஒருவேளை" என்றுதான் தொடங்குவார். ஒருவேளை மழை வந்துச்சுன்னு வச்சுக்கோங்க. ஒருவேளை டிரெயின் நின்னுடுச்சுன்னு வச்சுக்கோங்க. அவர் கணவர் வில்பிரட் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், நிதானமான மனிதர். "எங்க வீட்டுல கவலைப்படுற டிபார்ட்மென்ட் மொத்தமும் அவகிட்ட ஒப்படைச்சாச்சு சார். நான் நிம்மதியா இருக்கேன்" என்பார்.

இந்த அதிகாலை அழைப்புகளை நானும் கேலி செய்துகொண்டிருந்தவன்தான். சென்ற நவம்பரில் தமிழினிக்கு நடந்ததைக் கேட்ட பிறகு நிறுத்திக்கொண்டேன்.

தமிழினி வண்டலூர்ப் பெண். பிறவியிலேயே பார்வை கிடையாது. பி.ஏ. வரலாறு, கடைசி வருடம். நவம்பரில் ஒரு தேர்வு நாளன்று விடியற்காலையிலிருந்து கொட்டிய மழையில், அவளுக்கு எழுத வேண்டிய பெண்ணை வீட்டில் வெளியே அனுப்பவில்லை. அதைச் சொல்ல அந்தப் பெண்ணுக்குப் பயம், கைப்பேசியை அணைத்துவிட்டாள். அமலராணி அன்று ஒரு சாவுக்காகத் திருநெல்வேலி போயிருந்தார். எழுதுகிற ஆள் வரட்டும் என்று உட்கார வைத்த பொதுத் தேர்வறையில் தமிழினி வினாத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் விதி இடம் தராது என்று வருத்தத்தோடு அனுப்பிவிட்டார்கள். "எல்லாரும் பேப்பர் திருப்புற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு மிஸ். நான் கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருந்தேன்" என்று அவள் சொன்னாளாம். அந்த ஒரு தாள் பாக்கி. ஏப்ரலில் அதை எழுதித் தேறினால்தான் பட்டம், பட்டம் வந்தால்தான் பி.எட். சேர முடியும். தமிழினிக்கு டீச்சராக வேண்டும்.

ஏப்ரலில் இன்னொரு சிக்கல். வழக்கமாக எழுத வருகிற முதலாண்டுப் பிள்ளைகளுக்கே அந்த வாரம் தேர்வு. வெளியிலிருந்துதான் ஆள் பிடிக்க வேண்டும். ஏன் எப்போதும் சின்னப் பிள்ளைகளையே பிடிக்கிறீர்கள் என்று நான் அதுவரை அவரைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

வெளியாள் பிடிக்க என்ன வழி? வெப்சைட். ஒன்று ஏற்கெனவே இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் பல வருடங்களுக்கு முன் செய்து கொடுத்தது. திறந்தால் சிவப்பு எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடும். கீழே 'நீங்கள் எத்தனையாவது பார்வையாளர்' என்று ஒரு பெட்டி. அதில் பாதி எண்ணிக்கை அமலராணியே திறந்து பார்த்ததுதான். தொடர்பு எண்ணை அழைத்தால் கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்ட பழைய செயலாளர் எடுப்பார். பாவம், அவரும் அலுக்காமல் புது எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதையும் பார்த்து உதவி செய்ய அழைக்கிறவர்கள் உண்டு. ஆனால் நம் ஊரில் உதவி என்றால் சாப்பாடு. "மேடம், பையனுக்கு பர்த்டே. உங்க ஹோம்ல எத்தனை பிள்ளைங்க? மதியம் பிரியாணி போட்டுடறோம். போட்டோ எடுத்துக்கலாம்ல?"

"இது ஹோம் இல்லீங்க சார். பிள்ளைங்க அவங்கவங்க வீட்டுல இருக்காங்க."

"அப்போ யாருக்குப் போடறது?"

"சாப்பாடு வேணாங்க சார். பரீட்சை அன்னிக்கு ஒரு காலைப்பொழுது வந்து எழுதிக் கொடுக்க ஆள் இருந்தா போதும்."

எதிர்முனை குழம்பிப் போகும். கேட்டுச் சொல்றேன் என்று வைத்துவிடும். வைத்த பிறகு அமலராணி கோபப்பட மாட்டார். நல்ல மனுஷங்கதான், என்ன வேணும்னு நாமதான் சரியா சொல்லல என்பார். அந்த எண்ணம்தான் புது வெப்சைட்டில் கொண்டுபோய் விட்டது.

செய்து கொடுத்தவன் ஜேசன். பகலில் மென்பொருள் நிறுவனம், ஞாயிற்றுக்கிழமை அமலராணியின் சர்ச்சில் கிட்டார். தங்கமான பையன். ஆனால் வார்த்தை என்றாலே அவனுக்கு ஆகாது. அறக்கட்டளையைப் பற்றி எழுதித் தரும்படி அமலராணி என்னைக் கேட்டிருந்தார். ஒரு வாரம் உட்கார்ந்து, அடித்து, திருத்தி, ஆறு பத்தி எழுதிக் கொடுத்தேன். ஜேசன் திரையில் விரலை ஓட்டிப் பார்த்தான்.

"சூப்பரா இருக்கு அங்கிள். ஆனா ஒரு பேஜுக்கு மூணு வரிதான். அதுக்கு மேல யாரும் படிக்க மாட்டாங்க."

"ஒருவேளை ஒருத்தர் படிப்பாருன்னு வச்சுக்கோயேன்?" என்றார் அமலராணி.

"மாட்டாங்க ஆன்ட்டி."

என் ஆறு பத்தியும் மூன்று வரியாயின. எனக்குக் கோபம்தான். பத்திரிகைக்காரர்களே இப்படி வெட்டியதில்லை. தன்னார்வலர் பக்கத்தை அமலராணியே எழுதினார். அதற்கும் அதே மூன்று வரிதான். பெயர், கைப்பேசி எண், ஊர் இந்த மூன்றையும் போட்டுவிட்டு 'நான் வருகிறேன்' என்ற பச்சைப் பொத்தானைத் தட்டினால் முடிந்தது. கேள்வி கூடக் கூட ஆள் ஓடிவிடுவார்கள் என்பது ஜேசனின் கட்சி.

முகப்புப் படத்துக்குத்தான் பெரிய வழக்கு. தமிழினி தனியாக, தலையைக் குனிந்துகொண்டு, பின்னால் ஏரியில் சூரியன் இறங்குகிற மாதிரி ஒரு படம் எடுத்தால் பணம் கொடுக்கிறவர்கள் மனசு இளகும் என்றான் ஜேசன். அமலராணி ஒரேயடியாக மறுத்துவிட்டார். தமிழினியையே கேட்டபோது, "நான் சிரிப்பேன். பரவாயில்லன்னா எடுத்துக்கோங்க" என்றாள். சூரியன் இறங்கும்போது சிரித்தால் சரியாக வராது என்று ஜேசன் வேறு வழி பார்த்தான். இணையத்தில் கிடைத்த ஒரு படத்தைப் போட்டான். கறுப்பு கவுன் மாட்டிய பட்டதாரிகள் தொப்பியை வானத்தில் எறிகிறார்கள். அதில் ஒரு முகமும் தாம்பரத்துப் பக்கத்து முகம் இல்லை. தமிழினி தன் கைப்பேசியில் தளத்தைத் திறந்தாள். திரையில் இருப்பதையெல்லாம் அந்தக் கைப்பேசி சத்தமாக வாசித்துக் காட்டும். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எந்தப் பக்கம் போனாலும் 'இமேஜ், இமேஜ்'னே சொல்லுது அண்ணா. அதுல யாரு இருக்கா, என்ன பண்றாங்கன்னு சொல்ல மாட்டேங்குது" என்றாள். ஜேசனுக்கு முகம் செத்துப்போயிற்று. அன்று சாயங்காலமே உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் விவரம் எழுதிச் சேர்த்தான். அதில் மட்டும் வரிக் கணக்குப் பார்க்கவில்லை.

மார்ச் கடைசியில் திறப்பு விழா. வெப்சைட்டுக்கு என்ன திறப்பு விழா என்று கேட்கக் கூடாது. அறக்கட்டளையின் அலுவலகம் ஜெயவேலுவின் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அப்பா காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம். இப்போது ஆறு வீடு, இரண்டு கடை வாடகைக்கு விட்டிருக்கிறார். மடிக்கணினியைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டி அவர் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். அவர் அதோடு விடவில்லை. புது வண்டிக்குச் செய்வது போல மடிக்கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டி, ஒரு எலுமிச்சம்பழத்தை அதன் அடியில் வைத்து நசுக்கப் பார்த்தார். ஜேசன் பாய்ந்து மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டான். அடுத்து அமலராணியின் சர்ச் பாஸ்டர் கண்ணை மூடி, "இந்த வெப்சைட்டை உமது கரங்களில் ஒப்புக்கொடுக்கிறோம் ஆண்டவரே" என்று ஜெபித்தார். எல்லாரும் ஆமென் சொன்னபோது ஜெயவேலுவும் சத்தமாகச் சொன்னார். அமலராணி மட்டும் கண்ணைத் திறந்து சுவரில் இருந்த மின் ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருவேளை கரன்ட் போச்சுன்னு வச்சுக்கோங்க" என்று என் காதில் சொன்னார்.

கரன்ட் போகவில்லை. பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், முடிச்சூர் அடுக்கக வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் அந்தப் பச்சைப் பொத்தான் சுற்றியது. யாராவது தட்டினால் அமலராணியின் கைப்பேசி 'டிங்' என்று சொல்லும்படி ஜேசன் செய்து வைத்திருந்தான். குழம்பு தாளிக்கும்போது டிங். சர்ச்சில் காணிக்கைப் பாட்டு நடக்கும்போது டிங். முதல் இரண்டு நாள் அவர் முகத்தில் நான் பார்த்த சந்தோஷத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் அது போய்விட்டது. "இத்தனை பேர் இருக்காங்க சார். ஒருத்தர் குரல்கூட எனக்குத் தெரியாது. எப்படி நம்பி அனுப்புறது?" என்று, தமிழினியின் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒவ்வொருவராக அழைத்துப் பேசத் தொடங்கினார். நானும் உடன் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டார்.

"ரொம்ப சந்தோஷம் சார். என்ன படிச்சிருக்கீங்க?"

"எம்.டெக்."

"ஐயோ."

"என்னங்க?"

"இல்ல சார்… உங்க வீட்டுல தம்பி, தங்கச்சி, கொஞ்சம் கம்மியா படிச்சவங்க யாராவது இருக்காங்களா?"

அவர் வைத்துவிட்டார். அடுத்தவர் எம்.பி.ஏ. அதற்கடுத்தவர் ஒரு பல் மருத்துவர். ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், தான் இரண்டு முனைவர் பட்டம் வாங்கியவர் என்று பெருமையோடு சொன்னபோது அமலராணி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "படிப்பு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு சார். தப்பா எடுத்துக்காதீங்க" என்று, ஜாதகம் சேரவில்லை என்று வரன் வீட்டுக்குச் சொல்கிற குரலில் சொன்னார்.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. தமிழினியின் கல்லூரியில் ஸ்கிரைபாக வருகிறவர் தேர்வு எழுதுகிறவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும். பட்டத் தேர்வுக்குப் பட்டதாரி எழுத முடியாது. விடையை அவரே போட்டுவிடுவார் என்ற சந்தேகம் வரும். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவரோ, கல்லூரிக்குள் இப்போதுதான் நுழைந்த பிள்ளையோதான் வேண்டும். வெப்சைட்டைப் பார்த்து வந்தவர்கள் மொத்தமும் படித்துக் கிழித்தவர்கள்.

"நீங்களே போய் எழுதிடலாம்னு நான் நினைச்சிருந்தேனே" என்றேன்.

"நானா? நான் எம்.ஏ. சார். அதுவும் ஹிஸ்டரி. அந்தப் பேப்பர்ல வர்ற ஒவ்வொரு கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியும். என்னைக் கிட்டக்கூட விட மாட்டாங்க."

"இதை ஏன் வெப்சைட்டுல போடல?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு…" என்று இழுத்தார். இத்தனை வருடம் இந்த விதியோடு குடும்பம் நடத்தியதில், உலகத்துக்கே அது தெரியும் என்று அவர் நினைத்துவிட்டார். ஜேசனை அழைத்தார். "ஆன்ட்டி, நீங்க என்கிட்ட சொல்லவே இல்லயே" என்றான் அவன். "நீ மூணு வரின்னு சொன்னியே கண்ணு" என்றார் இவர். இரண்டு பேருமே சத்தம் போடவில்லை. அமலராணி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். கரன்ட் போகுமோ, எழுத்துப்பிழை வருமோ, படம் சரியாகத் தெரியுமோ என்று உலகத்துக் கவலை எல்லாம் பட்டவர், பட வேண்டிய ஒன்றை விட்டுவிட்டார்.

அடுத்த நாட்களில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று வில்பிரட் சொன்னார். நிம்மதியாக இருக்கிறேன் என்று சொல்லும் மனிதர் அந்த வாரம் அப்படிச் சொல்லவில்லை. ஜெயவேலு கேள்விப்பட்டு ஓடி வந்தார். "எங்க வூட்ல எல்லாருமே கம்மியா படிச்சவங்கதான் மேடம். யார் வேணுமோ கூட்டிகினு போங்க. நானே எட்டாவது. வரவா?" கேள்வியை ஆங்கிலத்திலும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று சொன்னதும், தப்பித்தோம் என்று அவர் முகம் தெளிந்தது. தமிழினி தினமும் சாயங்காலம் அழைப்பாள். ஆள் கிடைத்ததா என்று கேட்க மாட்டாள். தான் படித்த பாடத்தைப் பற்றிப் பேசுவாள். இவரும் ஆள் பற்றி வாயைத் திறக்காமல் பாடத்துக்கு விளக்கம் சொல்வார்.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"ஹலோ, வெப்சைட்டு மேடமா? என் பேரை எட்த்துடுங்க மேடம். லோகநாயகி, வண்டலூரு. கம்பெனி பஸ்ல பக்கத்துல குந்திகினு வர்ற பொண்ணு நேத்து அனுப்பிச்சா. நல்ல காரியமா கீதேன்னு பட்டனைத் தட்டிட்டேன். அப்பால பாத்தா படத்துல கீறவங்கல்லாம் கவுனு மாட்டிகினு கீறாங்க. எனக்கு வெக்கமாப் பூட்ச்சு. நான் பன்னெண்டாவதுதான் மேடம்."

அமலராணி எழுந்து நின்றுவிட்டார். "பன்னெண்டாவது பாஸா?"

"பாஸுதான். இன்னா இப்போ?"

"அதுக்கு மேல ஒண்ணும் படிக்கலையே? டிப்ளமோ, தபால்ல, ஏதாவது?"

"இல்ல மேடம். அப்பா பூட்டாரு, வேலைக்கு வந்துட்டேன்."

"ஸ்தோத்திரம்!" என்றார் அமலராணி. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, அப்பாவுக்காகச் சொல்லலம்மா, தப்பா நினைக்காத. நீதாம்மா வேணும். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு."

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அன்றைக்கு இரவு ஷிஃப்ட்டு. கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டுதான் பேசினாள். "காலைல ஆறு மணிக்குத்தான் வுடுவாங்க மேடம். தூங்காம எப்டி…" என்றாள். அமலராணி கெஞ்சுவார் என்று நினைத்தேன். அவர் கெஞ்சவில்லை. நவம்பரில் நடந்ததைச் சொன்னார். மற்றவர்கள் தாள் திருப்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் வாகன இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "பஸ் வந்துட்ச்சு மேடம்" என்றாள். அழைப்பு நின்றுவிட்டது.

வருவதாகவும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. எந்தக் கல்லூரி, எந்த வாசல், மதிப்பெண் சான்றிதழும் ஆதாரும் கொண்டுவர வேண்டும் என்பதையெல்லாம் அமலராணி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒற்றை டிக் விழுந்து அப்படியே நின்றது. அந்தத் தொழிற்சாலையில் உள்ளே போகும்போதே கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று வில்பிரட் யாரிடமோ விசாரித்துச் சொன்னார். விடிந்ததும் டிக் இரண்டாகி நீலமாயிற்று. பதில் இல்லை. அழைத்தால் அணைக்கப்பட்டிருக்கிறது என்ற குரல். "பார்த்துட்டு ஆஃப் பண்ணிட்டாங்க சார்" என்றார் என்னிடம். குரலில் அழுகைகூட இல்லை.

என் ஸ்கூட்டரில்தான் கல்லூரிக்குப் போனோம். தமிழினி ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தாள். நல்ல சுடிதார், தலையில் பூ. "வந்துட்டாங்களா மிஸ்?" என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டாள். "வந்துட்டே இருக்காங்கம்மா" என்றார் அமலராணி. என்னால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

வாசல் காவலாளியிடம் அமலராணி திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார். "எழுதறவங்க யாரும் வர்லம்மா. நான் காலைலேந்து இங்கதான் கீறேன்" என்றார் அவர். ஜி.எஸ்.டி. சாலைப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு ஷேர் ஆட்டோவையும் இறங்கும்வரை பார்த்தோம். இடையில் அமலராணி ஜேசனை அழைத்தார். "உடனே மாத்து. பன்னெண்டாவதோட நின்னவங்கதான் முதல்ல வேணும்னு போடு. படிப்பை நிறுத்திட்டோமேன்னு வெக்கப்படாதீங்க, நீங்கதான் வேணும்னு போடு. மேல படிச்சவங்க பாடத்தை வாசிச்சு ரெக்கார்ட் பண்ணித் தரலாம்னு போடு. அந்தக் கவுன் படத்தைத் தூக்கு."

"எத்தனை வரி வரும் ஆன்ட்டி?"

"எத்தனை வரி வந்தாலும் போடு!" என்று கத்தினார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கத்தி அதுவரை நான் கேட்டதில்லை.

மணி அடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. தேர்வு அலுவலகத்தில் காலில் விழுந்தாவது நேரம் கேட்போம் என்று தமிழினியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். பின்னால் நானும் போனேன். அலுவலகத்துக்கு வெளியே தாழ்வாரத்து பெஞ்சில், நீல நிறத் தொழிற்சாலைச் சீருடையும் கனத்த கறுப்பு ஷூவுமாக ஒரு பெண் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் லேமினேட் செய்த மதிப்பெண் சான்றிதழ்.

"லோகநாயகி?"

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். "எட்டு மணிக்கே வந்துட்டேன் மேடம். ஃபோன்ல சார்ஜ் இல்ல. வூட்டுக்குப் போயி இத்த எட்த்துகினு நேரா வந்துட்டேன், துணி மாத்தக்கூட இல்ல. வாசல்ல கீற வாட்ச்மேன் பின் கேட்டு வழியா போச் சொன்னாரு. பெருக்குறவங்கன்னு நெனச்சிக்கினாரு போல."

அமலராணி அவளை அப்படியே உள்ளே அழைத்துப் போனார். அலுவலகத்தில் சான்றிதழைப் பார்த்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். லோகநாயகி தன் தோளைக் காட்டி, "இதைப் புடிச்சிக்க கண்ணு" என்றாள். தமிழினி பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் தனி அறைக்குள் போனார்கள், கதவு சாத்தப்பட்டது.

மூன்று மணி நேரமும், ஸ்கிரைப் வைத்து எழுதுகிறவர்களுக்குத் தருகிற கூடுதல் நேரமும் நாங்கள் தாழ்வாரத்தில் இருந்தோம். நான் வாங்கி வந்த டீ ஆறிப்போயிற்று. தூக்கம் சொக்கி எழுத்து கோணிவிடுமோ, பெயர்களை மாற்றி எழுதிவிடுவாளோ, எழுதிப் பழக்கம் விட்டுப்போனவள் ஆயிற்றே என்று அமலராணி வரிசையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கும் அதே கேள்விகள்தான் இருந்தன.

கதவு திறந்தது. தமிழினி முகமெல்லாம் வேர்த்து வந்தாள். "கடைசிக் கேள்வி வரைக்கும் எழுதிட்டோம் மிஸ். அடிஷனல் ஷீட் வாங்கினோம்" என்றாள். பின்னால் வந்த லோகநாயகி வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். விரல்கள் பேனாவைப் பிடித்த மாதிரியே மடங்கி நின்றன, விரிக்க முடியவில்லை. "பள்ளிக்கூடத்துக்கு அப்பால இன்னிக்குத்தான் மேடம் இவ்ளோ எழ்துறேன்" என்று சிரித்தாள்.

எந்தக் கேள்வி வந்தது, என்ன எழுதினீர்கள், நேரம் போதியதா என்று அமலராணி கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் எதையும் கேட்கவில்லை. லோகநாயகியை பெஞ்சில் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். கட்டைவிரலை நீவி, மெல்ல இழுத்துச் சொடக்கு எடுத்தார். "வேணாம் மேடம், கைல ஆயில் நாத்தம் அடிக்கும்" என்று லோகநாயகி கூச்சத்தோடு கையை உருவப் பார்த்தாள். அமலராணி விடாமல் அடுத்த விரலைப் பிடித்தார்.